ஒரு மாணவி, இரண்டு நிலையங்கள்: ஹொக்கைடோ ரயில் செய்தி உலகைச் சுற்றிய கதை

ஜப்பானில் ஒரே ஒரு பள்ளி மாணவிக்காக ஒரு ரயில் நிலையத்தை மூடாமல் வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி 2016 ஜனவரியில் உலகம் முழுக்கப் பரவியது. தமிழிலும் நாளிதழ்த் தளங்கள் வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும் வந்தது. இன்றும் சில மாதங்களுக்கு ஒருமுறை தேதியில்லாமல் மறுபடி தலைகாட்டுகிறது. நிலையம் உண்மை, மாணவியும் உண்மை. ஆனால் செய்தியில் வந்த நிலையம் அந்த மாணவியின் நிலையமில்லை. அவருக்காக அமைத்ததாகச் சொன்ன ரயில் நேரத்துக்குக் காரணமும் வேறு. வெளிநாட்டுச் செய்திகளில் ஜப்பான் எப்படி உருமாறுகிறது என்பதை இந்த நிகழ்வில் படிப்படியாகப் பார்க்க முடிகிறது.

பின்னணி: இடமும் வழித்தடமும்

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் செகிஹொக்கு வழித்தடம் அசாஹிகாவா நகரின் அருகிலுள்ள ஷின்-அசாஹிகாவாவில் பிரிந்து ஒகோட்ஸ்க் கடலோரத்து அபாஷிரி வரை போகிறது. நீளம் 234 கிலோமீட்டர். நடுவில் கிதாமி கணவாய்ப் பகுதியில் மலையைத் தாண்ட வேண்டும். மலைக்கு இந்தப் பக்கம் காமிகாவா, அந்தப் பக்கம் ஷிராதாகி. அங்கிருந்து பள்ளத்தாக்கில் இறங்கிப்போனால் எங்காரு. சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் மேல்நிலைப் படிப்புக்கு வரும் ஊர் அதுதான். ஷிராதாகி 2005 வரை தனிக் கிராமமாக இருந்தது. அந்த ஆண்டு எங்காருவோடு இணைக்கப்பட்டது.

2016 தொடக்கத்தில் ஷிராதாகி என்ற பெயரைச் சுமந்து நான்கு நிலையங்கள் வரிசையாக இருந்தன. மலைப்பக்கமிருந்து வந்தால் முதலில் கமி-ஷிராதாகி, அடுத்து ஷிராதாகி, பிறகு க்யூ-ஷிராதாகி, ஷிமோ-ஷிராதாகி. 'கமி' என்றால் மேல், 'ஷிமோ' என்றால் கீழ், 'க்யூ' என்றால் பழைய. மேல் ஷிராதாகி, பழைய ஷிராதாகி, கீழ் ஷிராதாகி என்று நம் வாயில் சொல்லிப் பார்த்தால் இவை எவ்வளவு எளிதில் குழம்பக்கூடியவை என்பது தெரியும். பின்னால் நடந்த குழப்பத்துக்கு விதை இந்தப் பெயர்களிலேயே இருக்கிறது.

க்யூ-ஷிராதாகியில் ஊழியர் கிடையாது. மரப்பலகை பரப்பிய குட்டையான நடைமேடை, பக்கத்தில் மரத்தாலான சிறு காத்திருப்பு அறை, அவ்வளவுதான். 1947-இல் திறந்தது. அங்கே நிற்பது பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி.

2015: நிறுவனம் எடுத்த முடிவு

ஜப்பான் தேசிய ரயில்வே 1987-இல் பிரிக்கப்பட்டபோது பிறந்தது ஜேஆர் ஹொக்கைடோ. ஆள் குறைவு, பனி அதிகம், தூரம் நீளம். இந்தத் தீவில் ரயில் ஓட்டி லாபம் பார்க்க முடியாது என்பது அன்றே தெரியும். அதனால்தான் 68,220 கோடி யென் நிதியை ஒதுக்கி, அதன் வட்டியைக் கொண்டு நட்டத்தை ஈடுகட்டும் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஜப்பானில் வட்டி விகிதம் தரைதட்டியதும் அந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது. அதோடு 2011-இல் செகிஷோ வழித்தடத்தில் விரைவு வண்டி தடம்புரண்டு சுரங்கப்பாதைக்குள் தீப்பிடித்தது. 2013-இல் ஓனுமாவில் சரக்கு வண்டி தடம்புரண்டது. தண்டவாள அளவைப் பதிவுகளைத் திருத்தி எழுதியிருந்ததும் வெளியே வந்தது. இருக்கும் பணத்தைப் பாதுகாப்புக்குத் திருப்பியே ஆக வேண்டிய நிலை.

இந்தச் சூழலில் 2015 ஜூலையில் கமி, க்யூ, ஷிமோ மூன்று நிலையங்களையும் அடுத்த மார்ச்சில் மூடுவதாக முடிவு வெளியானது. காரணம் பயணிகள் இல்லை என்பதே. ஆளில்லா நிலையத்துக்கும் செலவு உண்டு: நடைமேடையில் பனி அள்ள வேண்டும், மரப்பலகை மாற்ற வேண்டும், விளக்கு எரிய வேண்டும். தினம் ஒருவர் ஏறும் இடத்துக்கும் இவை அத்தனையும் வேண்டும்.

மார்ச்சில் மூடுவதற்கும் எளிய காரணம் இருக்கிறது. ஜேஆர் நிறுவனங்கள் ஆண்டுதோறும் கால அட்டவணையைத் திருத்துவது மார்ச்சில். விவரம் முந்தைய டிசம்பரிலேயே வெளியாகிவிடும். 2016-இல் அந்த நாள் மார்ச் 26. ஹொக்கைடோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயில் முதன்முதலாக வந்த நாளும் அதுவே. ஜப்பானில் கல்வியாண்டும் மார்ச்சோடு முடிகிறது. ஆகவே எந்த ஆண்டு எந்த நிலையத்தை மூடினாலும், அது ஏதோ ஒரு மாணவர் பள்ளி முடிக்கும் மாதத்தில்தான் விழும். பின்னால் உலகம் உருகிய தற்செயல் பொருத்தம் இதுதான்.

2016 ஜனவரி: செய்தி பரவியது

ஜனவரி 8-ஆம் தேதி வாக்கில் சீன அரசுத் தொலைக்காட்சியின் ஆங்கில முகநூல் பக்கத்தில் ஒரு பதிவு வந்தது. சாரம் இது: கமி-ஷிராதாகி நிலையத்துக்குப் பல ஆண்டுகளாக ஒரே பயணி, ஒரு மேல்நிலைப் பள்ளி மாணவி. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நிலையத்தை மூட இருந்தார்கள். மாணவி தினமும் வருவதைப் பார்த்து, அவர் படிப்பு முடியும் வரை திறந்து வைக்க முடிவெடுத்தார்கள். வண்டி நாளுக்கு இரண்டே முறை நிற்கும். காலையில் அவரை ஏற்ற, மாலையில் இறக்க. நேரத்தைக்கூட அவர் பள்ளி நேரத்துக்கு ஏற்பவே வைத்திருக்கிறார்கள்.

படங்களும் கூடவே வந்தன. பனி மூடிய நடைமேடை, சீருடையில் ஒரு பெண், இரண்டே வரி உள்ள அட்டவணைப் பலகை: காலை 7:04, மாலை 17:08. அந்தப் பலகையைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

ஓரிரு நாளில் அமெரிக்க, பிரிட்டிஷ், இந்தியச் செய்தித் தளங்கள் அதை எடுத்தாண்டன. குடிமகள் ஒருத்திக்காக இவ்வளவு செய்யும் அரசுக்கு உயிரையும் தரலாம் என்ற அளவுக்கு வாசகர்கள் எழுதினார்கள். அவர்கள் புகழ்ந்தது அரசை. நிலையத்தை நடத்தியது ஒரு நிறுவனம். அதன் பங்குகள் முழுவதும் அரசு சார்ந்த அமைப்பிடம் இருந்தாலும், தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய நிறுவனம் அது. அந்த வேறுபாட்டைச் சொல்ல எந்தப் பிரதியிலும் இடமிருக்கவில்லை.

அட்டவணையை விரித்தால் தெரிவது

மாணவி ஏறிய இடம் கமி-ஷிராதாகி அல்ல, க்யூ-ஷிராதாகி. காலை 7:15 வண்டியில் எங்காருவுக்குப் போனார். அந்த வண்டியில் அவர் மட்டும் இல்லை. வழியில் மற்ற நிலையங்களில் ஏறும் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். திரும்பி வர மாலையில் ஐந்து மணிக்குச் சற்று முன் தொடங்கி மூன்று வண்டிகள் இருந்தன. எது தோதோ அதில் வரலாம். ஆக அவர் நிலையத்தில் வண்டி நின்றது நாளுக்கு இரண்டு முறை அல்ல, நான்கு முறை.

இனி அந்தப் பலகைக்கு வருவோம். 7:04, 17:08 என்ற இரண்டு நேரமும் உண்மையே. கமி-ஷிராதாகியில் நாளுக்கு அவ்வளவுதான். ஏன் அவ்வளவுதான் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எங்காரு பக்கமிருந்து வரும் சாதாரண பயணிகள் வண்டிகள் ஷிராதாகி வரை வந்து அங்கேயே திரும்பிவிடும். அதற்கு மேல் மலை, ஆள் இல்லை. மலையைத் தாண்டிக் காமிகாவா வரை போன சாதாரண வண்டி ஒரு திசைக்கு ஒன்றே ஒன்று. மற்றவை விரைவு வண்டிகள். அவை கமி-ஷிராதாகியில் நிற்பதில்லை. ஷிராதாகிக்கு மேலே, மலைப்பக்கம் இருந்த கமி-ஷிராதாகிக்கு அந்த ஒரே ஒரு சாதாரண வண்டி மட்டுமே கிடைத்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்ற வரிசை அப்படி வந்தது.

ஒரே வண்டிதான் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளலாம். 7:04-க்குக் கமி-ஷிராதாகியை விட்டுக் கிளம்பும் வண்டி ஷிராதாகியைத் தாண்டி 7:15-க்கு க்யூ-ஷிராதாகியில் நிற்கிறது. காமிகாவாவில் விடிகாலையில் புறப்பட்டு மலையைத் தாண்டி வரும் வண்டி அது. கமி-ஷிராதாகியில் யாருமே ஏறாவிட்டாலும் அது அந்த நேரத்துக்கு அந்த வழியாக வந்தே ஆக வேண்டும். கணவாய் வைத்த நேரத்தை உலகம் கருணை வைத்த நேரமாகப் படித்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மூடும் எண்ணத்தைக் கைவிட்டார்கள் என்ற பகுதிக்குப் பரவிய பிரதிகளில் எந்தச் சான்றும் இல்லை. நிறுவனத்தின் அறிக்கை இல்லை, அதிகாரி ஒருவரின் கூற்று இல்லை, எங்காரு நகராட்சியின் பேச்சு இல்லை. மூன்று என்ற எண் மேல்நிலைப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்போடு சரியாகப் பொருந்துகிறது. இப்படி அச்சாகப் பொருந்தும் எண்ணைக் கண்டால் செய்தியைத் திருத்தும் உதவி ஆசிரியர் ஒரு நிமிடம் நின்றிருக்க வேண்டும்.

இன்னொன்றும் அன்றே கண்ணில் பட்டிருக்கும். அதே மார்ச் 26 அன்று செகிஷோ வழித்தடத்தில் ஹிகாஷி-ஒயிவாகே, தொமிசாதோ நிலையங்களும், கிழக்கே நெமுரோ வழித்தடத்தில் ஹனசாகியும் மூடப்பட இருந்தன. ஒரு மாணவிக்குக் காத்திருந்து முடிந்த கதை என்றால் இவற்றுக்கு யார் காத்திருந்தார்கள்?

செய்தி டெஸ்க்குகள் எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

யாரும் வேண்டுமென்று பொய் எழுதியதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சிறு முடிவு எடுக்கப்பட்டது. அந்த நேரத்துக்கு ஒவ்வொன்றும் நியாயமாகவே பட்டிருக்கும்.

மூலப் பதிவைக் கொடுத்தது ஒரு நாட்டின் அரசுத் தொலைக்காட்சி. பெரிய நிறுவனம் சொன்னதைத் தனியாகச் சரிபார்க்கத் தேவையில்லை என்று அடுத்த டெஸ்க் முடிவெடுத்தது. மூன்றாவது டெஸ்க் இரண்டாவதைச் சான்றாகக் காட்டியது. பத்துத் தளங்களில் இருப்பதைப் பார்த்த பதினோராவது டெஸ்க் பத்து சான்றுகள் இருப்பதாக எண்ணிக்கொண்டது. உள்ளே இருந்தது ஒரே ஒரு முகநூல் பதிவு.

அடுத்தது மொழி. டோக்கியோவில் செய்தியாளர் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் ஹொக்கைடோவின் உட்பகுதி எட்டாத தூரம். ஜேஆர் ஹொக்கைடோவின் அட்டவணைத் தாள் ஜப்பானியத்தில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. நிலையப் பலகையில் முதல் எழுத்தே 'மேல்' என்பதா 'பழைய' என்பதா என்று சொல்லிவிடும். இரண்டும் முற்றிலும் வேறு வடிவ எழுத்துகள். ஆங்கிலத்தில் பெயர்த்தால்தான் இரண்டும் ஷிராதாகியாகத் தெரியும்.

மூன்றாவது காரணம் ஆழமானது. ஜப்பான் பற்றிய வெளிநாட்டுச் செய்திக்கு ஏற்கெனவே இரண்டு அச்சுகள் தயாராக இருக்கின்றன. ஒன்று விசித்திர ஜப்பான், மற்றொன்று ஒழுக்கத்தின் உச்சமான ஜப்பான். வரும் தகவலை இரண்டில் ஒன்றில் ஊற்றிவிடுகிறார்கள். 2017 நவம்பர் 14 அன்று சுகுபா எக்ஸ்பிரஸ் வண்டி ஒன்று மினாமி-நாகரேயாமா நிலையத்தில் 9:44:40-க்குப் பதில் 9:44:20-க்கே கிளம்பியது. நிறுவனம் தன் இணையதளத்தில் ஒரு வருத்தக் குறிப்பைப் போட்டது. இருபது விநாடிக்கு மன்னிப்புக் கேட்ட நாடு என்று அது உலகச் செய்தியானது. நடந்தது, ஊழியர் நேரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதைப் பதிவு செய்த வழக்கமான அறிவிப்பு. கமி-ஷிராதாகிக்கும் இதே விதி. கணக்குப் பார்த்து நிலையத்தை மூடும் நிறுவனம் என்பதற்கு அச்சு இல்லை. மாணவிக்காகக் காத்திருக்கும் நிறுவனம் என்பதற்கு இருந்தது.

புகழ்ச்சிதானே, இதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் இரண்டு. முதலாவது அந்த மாணவிக்கு. ஆளில்லா நிலையத்தில் பதின்வயதுப் பெண் ஒருத்தி தினமும் காலை இன்ன நேரத்துக்குத் தனியாக நிற்பாள் என்பதைப் படத்தோடு உலகத்துக்கே சொன்னார்கள். சில பிரதிகள் அவர் பெயரையும் போட்டன. நிலையத்தின் பெயரைத் தவறாகப் போட்டதால் அவர் நிம்மதி ஓரளவு காக்கப்பட்டது என்றே சொல்ல வேண்டும். திருத்தம் வந்தபோது அந்த மறைவும் போயிற்று. இங்கே நேரத்தை எழுதுவது அந்த நிலையம் இப்போது இல்லை என்பதால்தான்.

இரண்டாவது நட்டம், உண்மையான செய்தி காணாமல் போனது. ஹொக்கைடோவின் உள்நாட்டு ரயில் சுருங்கிக்கொண்டிருந்தது. யார் செலவை ஏற்பது என்ற கேள்வி ஊருக்கு ஊர் மன்றங்களில் எழுந்துகொண்டிருந்தது. ஒரு நிலையம் பிழைக்கும் உண்மையான வழி எப்படி இருக்கும் என்பதை அறிய, அதே காலத்தில் கொபோரோ நிலையத்தைப் பார்த்திருக்கலாம். முரோரான் வழித்தடத்தில், கடலோரக் குன்றுகளில் சுரங்கப்பாதைகளுக்கு நடுவே இருக்கும் நிலையம் அது. அதையும் மூடவே ஜேஆர் ஹொக்கைடோ எண்ணியது. தொயோரா நகராட்சி பராமரிப்புப் பொறுப்பை ஏற்க முன்வந்ததால் அது தப்பியது. பேச்சுவார்த்தை, செலவுக் கணக்கு, கையெழுத்து என்று நடந்த இதற்கு வெளிநாட்டுத் தலைப்புகள் அவ்வளவு கிடைக்கவில்லை.

திருத்தம் வந்த விதம்

திருத்தத்தைத் தொடங்கியது பெரிய நிறுவனங்கள் அல்ல. ஜப்பானிய ரயில் ஆர்வலர்களும் ஹொக்கைடோவை அறிந்தவர்களும் அட்டவணையை எடுத்துப் போட்டார்கள். தைவானில் வெளிவந்த செய்தி நிலையத்தின் சரியான பெயரையும் மாலையில் மூன்று வண்டிகள் உள்ளதையும் சொன்னது. அதற்குப் பிறகு சில ஆங்கிலத் தளங்கள் பழைய கட்டுரையின் கீழ் குறிப்புச் சேர்த்தன. தலைப்பை மாற்றியவை குறைவு.

இங்கே எடுக்கப்பட்ட முடிவு, குறிப்புச் சேர்ப்பது போதும் என்பது. அது போதாது என்று காலம் காட்டியது. பகிரும்போது தலைப்பும் படமும் மட்டுமே பயணம் செய்கின்றன. கீழே உள்ள குறிப்பு மூலப் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது. மொழிபெயர்த்த பிரதிகளுக்கோ திருத்தம் எட்டவே இல்லை. தமிழில் சுற்றும் வடிவத்தில் இன்றும் கமி-ஷிராதாகிதான்.

மார்ச் 26-க்குப் பிறகு

மூன்று நிலையங்களும் அறிவித்தபடி மூடப்பட்டன. ஷிமோ-ஷிராதாகி, வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிடும் சமிக்ஞை இடமாக மட்டும் மிஞ்சியது. கமி-ஷிராதாகி போனதால் காமிகாவாவிலிருந்து அடுத்த நிலையமான ஷிராதாகி 37.3 கிலோமீட்டர் தள்ளிப்போனது. ஷின்கான்சென் அல்லாத ஜேஆர் தடங்களில் இரண்டு பயணிகள் நிலையங்களுக்கு இடையே மிக நீண்ட இடைவெளி அது. முன்பு 34 கிலோமீட்டராக இருந்தது.

அதே 2016 நவம்பரில் ஜேஆர் ஹொக்கைடோ, 10 வழித்தடங்களில் 13 பகுதிகள், சுமார் 1,237 கிலோமீட்டர் தடத்தைத் தன்னால் தனியாகப் பராமரிக்க முடியாது என்று அறிவித்தது. அதன் மொத்தத் தடத்தில் ஏறத்தாழப் பாதி. அதில் செகிஹொக்கு வழித்தடமும் முழுமையாக இருந்தது. மாணவியின் செய்தியைப் போட்ட தளங்களில் எத்தனை இதைப் போட்டன என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். 2021 மார்ச் 13 அன்று நிறுவனம் ஒரே நாளில் 18 நிலையங்களை மூடியது. நான்கு இதே செகிஹொக்குவில் இருந்தவை.

எதை மாற்றிச் செய்யலாம்

இத்தகைய செய்தி மேசைக்கு வரும்போது முதலில் செய்ய வேண்டியது, படத்திலுள்ள பெயர்ப்பலகையின் ஜப்பானிய எழுத்தைப் பிரதியிலுள்ள பெயரோடு ஒப்பிடுவது. மொழிபெயர்ப்புச் செயலி போதும். எழுத்து பொருந்தவில்லை என்றால் மற்ற விவரங்களையும் நம்பக் கூடாது.

அடுத்து அட்டவணை. ஒரு நிலையத்தின் நேரத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டுவதுதான் இந்த நிகழ்வின் மூலப் பிழை. முன்னால் உள்ள நிலையம், பின்னால் உள்ள நிலையம், வண்டி எங்கே கிளம்பி எங்கே முடிகிறது, அதே தடத்தில் எத்தனை வண்டிகள் நிற்காமல் போகின்றன என்று இரண்டு திசையிலும் வரிசையாகப் பார்க்க வேண்டும். பக்கத்து ஷிராதாகியின் அட்டவணையை ஒருவர் திறந்திருந்தால் போதும். வண்டிகள் அங்கேயே திரும்புவது தெரிந்து, நாளுக்கு இரண்டு நிறுத்தம் ஏன் என்ற கேள்வி அங்கேயே தீர்ந்திருக்கும்.

மூடுவது பற்றிய செய்தி என்றால் நிறுவனத்தின் டிசம்பர் அறிவிப்பைத் தேட வேண்டும். அதே நாளில் வேறு எவை மூடப்படுகின்றன என்ற பட்டியல் அதில் இருக்கும். தனி ஒருவருக்காக எடுத்த முடிவா, ஆண்டுதோறும் நடக்கும் குறைப்பின் பகுதியா என்று அந்தப் பட்டியல் காட்டிக்கொடுக்கும். இன்னாருக்காகச் செய்தார்கள் என்று எழுதுவதற்கு, செய்தவர் வாயால் வந்த ஒரு வரியாவது வேண்டும். அது கிடைக்காவிட்டால் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, பயணி ஒருவர் இருந்தார், நிலையம் மார்ச்சில் மூடப்படுகிறது என்ற இரண்டு உண்மைகளைத் தனித்தனியாக வைக்கலாம். அப்படி எழுதினாலும் அது நல்ல செய்திதான். மனதைத் தொடும் செய்தியும்கூட.

திருத்தம் வந்தால் தலைப்பில் போட வேண்டும், சமூக ஊடகப் பதிவையும் மாற்ற வேண்டும். மொழிபெயர்த்துப் போட்ட தளம் மூலக் கட்டுரையை ஒரு வாரம் கழித்து மறுபடி திறந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவர் செய்தியின் மையமாக இருந்தால், நிலையத்தின் பெயர், வண்டி நேரம், படம் மூன்றையும் சேர்த்து வெளியிடவே கூடாது. ஏதாவது ஒன்றை விட வேண்டும். பெரும்பாலும் விட வேண்டியது நேரம். தேவையானால் நிலையத்தின் பெயரும். காலையில் ஒற்றைப் பெட்டி வண்டியில் ஏறி மற்ற பிள்ளைகளோடு பள்ளிக்குப் போய்வந்த ஒரு பெண்ணின் கடைசிக் குளிர்காலம் அது. செய்தி வெளியான பிறகும் அவருக்குச் சில வாரங்கள் அந்த நடைமேடையில் நிற்க வேண்டியிருந்தது.